கடல் பார்த்த மனை

பெல்ட்டைப் போட்டுக்குங்க சார், செங்கல்பட்டு தாண்டினா போலீஸ் நிப்பான். சைட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், பேசிக்கிட்டே போயிடலாம். வழக்கமா வேன்ல பத்துப் பேரை ஏத்திக்கிட்டு, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் குடுத்துக் கூட்டிட்டுப் போவேன். இன்னிக்கு உங்களுக்குன்னு தனியா காரை எடுத்தேன். ஏன்னா நீங்க வாத்தியாரு. விளையாட்டு வாத்தியாருன்னாலும் வாத்தியாருதானே. காலம் பூரா வெயில்ல நின்னு விசில் ஊதிச் சேத்த காசு, அது போற இடம் நல்ல இடமா இருக்கணும் பாருங்க.

கிளம்பறப்போ உங்க வீட்டம்மா வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டாங்களே, "மனை விஷயத்துல எங்களை ஏமாத்திட மாட்டீங்களே"ன்னு. நான் சிரிச்சுட்டு வண்டியை எடுத்துட்டேன். பதில் இப்பச் சொல்றேன், நீங்க போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. மனை வாங்கினா ஏமாந்தவன்கிட்டதான் வாங்கணும். ஏமாந்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். இந்த ஏகாம்பரம் முப்பது வருஷமா மனை விக்கிறவன். எனக்கே ஒருத்தன் வித்துட்டான் சார். மண்ணே இல்லாத மனை.

கம்ப்யூட்டருக்குள்ள. ஆமா, கம்ப்யூட்டருக்குள்ளதான். சிரிங்க, சிரிங்க, எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

அதனால என் பொண்டாட்டி கனகவல்லி ஆறு மாசமா வீட்டுல இல்ல. சோளிங்கர்ல அவ அக்கா வீட்டுல இருக்கா. அவங்கப்பா அவ பேருக்கு எழுதி வெச்ச இடத்தை வித்துத்தான் நான் அந்த எழவை வாங்கினேன். "என் பேர்ல நெலம்னு ஒண்ணு இருந்துச்சு. அது மாதிரி ஒண்ணை வாங்கி எழுதிக் குடுத்துட்டுக் கூப்பிடுங்க, வரேன். அதுவரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்"னுட்டா. சோளிங்கர் பக்கத்துலயே ஒரு துண்டு பாத்து வெச்சிருக்கேன், நல்ல மேட்டு நெலம். இன்னிக்கு நீங்க அட்வான்ஸ் போட்டீங்கன்னா அதை முடிச்சு, பத்திரத்தை அவ கையில குடுத்து, அவளைக் கூட்டிட்டு வந்துடுவேன். உள்ளதைச் சொல்லிட்டேன் சார். ஒளிச்சுப் பேச எனக்கு வராது.

இதுக்கெல்லாம் மூலகாரணம் என் மச்சினன் தணிகைவேல். கனகாவோட தம்பி. சிறுசேரியில கம்ப்யூட்டர் வேலை. ஒரு ஞாயித்துக்கிழமை வந்தான், நல்லா மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டான், லேப்டாப்பைத் திறந்தான். "மாமா, வெளிநாட்டுக்காரன் எல்லாம் இப்போ இந்த உலகத்துலதான் நெலம் வாங்கறான்"னான். அதுக்கு ஒரு பேரு உண்டு, என் வாயில நுழையாது. நான் அந்த உலகம்னுதான் சொல்லுவேன். அதுல நாம ஒரு பொம்மையா உள்ள போலாமாம், நடக்கலாமாம், வீடு கட்டலாமாம், நாலு பேரைப் பாத்துப் பேசலாமாம். நான் முதல்ல, "போடா, வேற வேலை இல்ல"ன்னுதான் சொன்னேன். அப்புறம் அவன் அந்தப் படத்தைக் காட்டினான் பாருங்க.

லேஅவுட் சார். கட்டம் கட்டமா, நம்பர் போட்டு, வித்ததுக்குச் சிவப்பு, விக்காததுக்குப் பச்சை. நடுவுல ரோடு. ஓரத்துல நீலமா கடல். லேஅவுட்டைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது. குடிகாரனுக்குப் பாட்டிலைக் காட்டின மாதிரி ஆயிடுச்சு.

பட்டா உண்டாடான்னு கேட்டேன். "எல்லாம் கம்ப்யூட்டர்லயே பதிவாயிடும் மாமா, யாராலயும் மாத்த முடியாது"ன்னான். வில்லங்கம் பாக்கணுமேன்னேன். "வில்லங்கமே கிடையாது மாமா, புதுசா உண்டாக்கின பூமி"ன்னான். அங்கதான் சார் விழுந்தேன். வில்லங்கம் இல்லாத நெலத்தை என் ஜென்மத்துல பாத்ததில்ல. வி.ஏ.ஓ. கிடையாது, சர்வேயர் கிடையாது, தாசில்தார் ஆபீஸ்ல போய் எவன் மூஞ்சியிலயும் முழிக்க வேண்டாம். பங்காளி வந்து கேஸ் போட மாட்டான். எனக்கு அது சொர்க்கமாத்தான் தெரிஞ்சுது.

கடலைப் பாத்த கார்னர் மனை ஒண்ணு பச்சையா இருந்துச்சு. விலை கூடத்தான். ஆனா பக்கத்துலயே ஸ்டேடியம் வருதுன்னு போட்டிருந்தான், பெரிய பெரிய கம்பெனியெல்லாம் வருதுன்னு போட்டிருந்தான். படத்தோட போட்டிருந்தான் சார். அச்சுல ஒண்ணைப் போட்டா பொய்யாவா போடுவான்? என் நோட்டீஸ்லயும்தான் போடறேன், விரைவில் பேருந்து நிலையம்னு. அது வருமா வராதான்னு கவர்மென்ட்டைத்தான் கேக்கணும், என்னைக் கேட்டா எப்படி. ஆனா இவனுங்க உலகத்துக்கு இவனுங்களேதானே கவர்மென்ட்டு. வரும்னா வந்திருக்கணுமா இல்லியா?

ஆனா சும்மா வாங்கிடல. முறைப்படி பாத்தேன். எங்க லேஅவுட்டுக்கெல்லாம் வாஸ்து பாக்கறவர் அருணகிரி, அவரை வீட்டுக்கு வரவழைச்சேன். அவர் மடியிலேருந்து காம்பஸை எடுத்து லேப்டாப் மேல வெச்சாரு. முள்ளு ஒரு இடத்துல நிக்காம ஆடுது. "பூமியில ஏதோ தோஷம் இருக்கு"ன்னாரு. தணிகை, "ஐயா, அது லேப்டாப்புக்குள்ள இருக்கற காந்தம்"னான். அப்புறம் காம்பஸைத் தரையில வெச்சுப் பாத்தா, மனையோட வாசல் தெக்க பாக்குது. தெக்கு வாசல் எனக்கு ஆகாது சார். என்ன பண்றதுன்னு யோசிச்சோம். அருணகிரிதான், "மேசையைத் திருப்புங்க"ன்னாரு. நானும் தணிகையும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு மேசையைத் திருப்பினோம். இப்ப மனை கிழக்க பாத்துச்சு. "பிரமாதம், ஈசானி மூலையில தண்ணி வருது, வாங்குங்க"ன்னு சொல்லி, தட்சணையை வாங்கிட்டுக் கிளம்பிட்டாரு.

கனகா ஸ்கிரீனுக்கு ஒரு குங்குமப் பொட்டு வெச்சா. கற்பூரம் காட்டினா. மஞ்சத் தண்ணி தெளிக்கப் போனா, தணிகை பாஞ்சு வந்து கையைப் பிடிச்சுட்டான். அவ அதைத் தப்பா எடுத்துக்கல. ஸ்கிரீனுக்குக் கிட்ட வந்து குனிஞ்சு பாத்தா. அப்புறம் கேட்டா, "இதுல என் எடம் எது?"ன்னு. இதாண்டின்னு கட்டத்தைக் காட்டினேன். கட்டத்து மேல விரலை வெச்சுப் பாத்தா.

அன்னிக்குச் சாயங்காலம் தணிகை அவன் போன்ல அதே மனையைத் திறந்து காட்டறான், வாசல் மேக்கப் பாக்குது. இவன் போனைத் திருப்பறான், மனையும் திரும்புது. என்னடா இதுன்னேன். "அது அப்படித்தான் மாமா, அங்க திசையெல்லாம் யாரும் பாக்கறதில்ல"ன்னான். திசையே இல்லாத ஊருல பூமி பூஜை பண்ணியிருக்கேன் சார் நான். அதுக்கப்புறம் எங்க வீட்டுல அந்த மேசையை யாரும் நகத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சாப்பிடறதுக்குத் தரையிலதான் உக்காந்தோம்.

இதாவது பரவால்ல. என் பொம்மையை உள்ள அனுப்பறாங்க பாருங்க, உடம்புல ஜட்டி மட்டும்தான். சட்டைக்குத் தனிக் காசாம், வேட்டி அவங்க கடையிலயே இல்லையாம். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு சார், ஊர்ல கோயில் கமிட்டில இருக்கேன். ஜட்டியோட போய் என் மனையில நின்னேன். கனகா பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. த்தூ, நெனச்சா இப்பவும் கூசுது. சரி, பீச்சுக் கரைதானே, குளிக்க வந்தவன்னு நெனச்சுக்குவாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

கடல் நல்லா இருந்துச்சு, அதை இல்லேன்னு சொல்லக் கூடாது. ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் போய் நின்னு பாத்துட்டு வருவேன். அலை வரும், போகும். எத்தனையோ பேருக்குக் கடலைப் பாத்த மனை வித்திருக்கேன் மரக்காணம் பக்கம். கடல் அங்கேருந்து தெரியாதுதான், ஆனா காத்து வரும். எனக்குன்னு ஒண்ணு வாங்கிப் பாத்தது இதுதான் முதல் தடவை.

ஒரு நாள் காலையில போனா, கடலைக் காணோம்.

முன் மனையில எவனோ கருகருன்னு ஒரு சுவரை எழுப்பிட்டான். எவ்வளவு உயரம்ங்கறீங்க, பொம்மை மல்லாக்கப் படுத்துப் பாத்தாலும் முடிவு தெரியல. சுவத்துல ஒரு வாயி. வாயிக்குள்ளேருந்து ஒரு நாக்கு. ஐஸ்கிரீம் விளம்பரமாம். அந்த நாக்கு வெளிய வரும், கீழேருந்து மேல நக்கும், உள்ள போகும், மறுபடியும் வரும். நாள் முழுக்க அதே வேலை. அதுல எச்சில் வேற ஒழுகுது சார். நல்லாப் பளபளன்னு வரைஞ்சு வெச்சிருக்கான் பாவி. அன்னிக்கு டிபன் எறங்கல.

அதுவும் அவன் மனையில நக்கிட்டுப் போனா நமக்கென்ன. நாக்கு என் எல்லைக்குள்ள வருது சார். முப்பது வருஷமா எல்லைக்கல் நட்டவன், எனக்குத் தெரியாதா? நான் நிக்கறேன், நாக்கு வந்து என் பொம்மை மேல உரசிட்டுப் போகுது. ஜட்டியோட நிக்கறவனை நக்கிட்டுப் போகுது. சீ. இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? ஆக்கிரமிப்புன்னு எந்தக் கலெக்டருக்கு மனு எழுதுவேன்?

மனைக்காரனைத் தேடிப் பிடிச்சேன். தவளைத் தலை, கோட்டு சூட்டு, அதான் அவன் பொம்மை. தணிகையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல டைப் அடிக்கச் சொன்னேன். ஐயா, உங்க நாக்கு என் நெலத்துக்குள்ள வருது, கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்கன்னு. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டேன். அவன் பதிலே சொல்லாம என் மனையில ஏறி டான்ஸ் ஆட ஆரம்பிச்சுட்டான். டேய் எறங்குடா, என் எடம்டான்னு நான் ஹால்ல நின்னு கத்தறேன், கனகா அடுப்பை அணைச்சுட்டு ஓடி வரா. வேலி போட்டா உள்ள வர முடியாதாம். வேலிக்கு மாசா மாசம் காசு கட்டணுமாம். என் நெலத்துக்கு நான் வேலி போட எவனுக்கோ வாடகை. கேட்டிருக்கீங்களா இப்படி?

ஆடி முடிச்சுட்டுச் சொன்னான் அந்தத் தவளை. நாக்கு வேண்டாம்னா அது நிக்கற மனையை நீயே வாங்கிக்கோ, நான் வாங்கினதை விட அஞ்சு மடங்கு குடுன்னு. அப்பத்தான் சார் புரிஞ்சுது, அவனுக்கு ஐஸ்கிரீமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அடுத்தவனுக்கு அருவருப்பு வரவழைக்கத்தான் அந்த நாக்கு. என்ன பொழப்பு பாருங்க. நம்ம தொழில்லயும் பாதை ஓரத்துல ரெண்டடித் துண்டை வாங்கிப் போட்டு, பின்னாடி மனைக்காரன் வழி கேட்டு வந்தா விலையைச் சொல்றது உண்டு. நானும் பண்ணியிருக்கேன். ஆனா அது வியாபாரம் சார். நான் அவங்க வீட்டு முன்னாடி நாக்கைத் தொங்க விடல. ஒரு ஓலைக்கொட்டாய் போட்டேன், அவ்வளவுதான்.

கம்பெனிக்கு எழுதினேன். நான்சின்னு ஒருத்தி பதில் போட்டா. "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது, ஏகாம்பரம்." அவ்வளவுதான். மறுபடி எழுதினேன். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது, ஏகாம்பரம்." நாலாவது தடவை கெட்ட வார்த்தையில எழுதச் சொன்னேன், தணிகை தயங்கித் தயங்கி எழுதினான். அதுக்கும் வருத்தம் புரியுதுங்கறா. அப்புறம் தெரிஞ்சுது, அது பொம்பளையே இல்லையாம், மிஷினாம். என் ஆபீஸ்லயும் ஒரு பொண்ணு உக்காந்திருக்கு, பத்மினின்னு. பழைய பார்ட்டிங்க வந்து சத்தம் போட்டா, "சார் சைட்டுக்குப் போயிருக்காரு, உங்க கஷ்டம் அவருக்குத் தெரியும்"னு சொல்லும். நான் உள்ள ரூம்லதான் இருப்பேன். ஆனா பத்மினி உசிருள்ள பொண்ணு சார். கூடவே ஒரு காப்பியும் குடுக்கும். அந்த மனுஷத்தன்மை வேண்டாமா?

சரி, நாக்கோட நாக்கா இருந்துட்டுப் போவோம், விலை ஏறினதும் வித்துட்டு ஓடிடுவோம்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். அப்பத்தான் கம்பெனிக்காரன் கடைசி வேலையைப் பண்ணினான். புதுசா ஒரு கடலைப் போட்டான்.

ஆமா சார், கடலையே புதுசா போட்டான். இன்னொரு கோடியில ஒரு கடல், அதைச் சுத்தி ஆயிரக்கணக்குல பீச் மனை, முதல் வாரம் பாதி விலை. நம்மூர்ல ஏரியைத் தூத்து மனை போடறான்னு பேப்பர்காரன் எழுதறான். ஏரியைத் தூர்க்கணும்னா எத்தனை லோடு மண்ணு அடிக்கணும், எத்தனை பேரைச் சரிக்கட்டணும், ஒவ்வொரு ராத்திரியும் லாரிக்குப் பக்கத்துல நின்னவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இவன் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஒரு தட்டு தட்டறான், கடல் வந்துடுது. உழைப்பே இல்லாம மனை போடறான் சார். அதைத்தான் என்னால ஜீரணிக்கவே முடியல.

அவ்வளவுதான், எங்க பக்கம் சனம் வரதே நின்னுடுச்சு. ஸ்டேடியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தவளை கூடக் காலி பண்ணிட்டான். நாக்கை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான். ஆள் இல்லாத ஊர்ல அது பாட்டுக்கு நக்கிக்கிட்டு இருக்கு. வாங்க ஆள் இல்ல. பாதி விலைக்குச் சொன்னேன், கால் விலைக்குச் சொன்னேன், நாய் கூட மோந்து பாக்கல. ஒரு நாள் திறந்தா, அந்தப் பக்கத்தையே மூடிட்டோம்னு எழுத்து வருது. மனை, நாக்கு, கடல், எல்லாம் போச்சு. வெறும் சாம்பல் கலர்.

தணிகையைப் பிடிச்சேன். "ரிஸ்க்குன்னு அப்பவே சொன்னேனே மாமா"ன்னான். சொல்லவே இல்ல சார். அதோட விட்டானா, என்னைச் சேத்துவிட்டதுக்கு அவனுக்குக் கம்பெனியிலேருந்து கமிஷன் வந்திருக்கு. சொந்த மாமன் தலையில கமிஷன். நானும் சொந்தக்காரங்களுக்கு மனை குடுக்கறப்போ கமிஷன் எடுக்கறவன்தான், ஆனா ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டா சொல்லிடுவேன். யாரும் கேக்கறதில்ல, அது அவங்க தப்பு.

வெளிய சொல்லவும் முடியல. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரிம்பாங்களே, அப்படி. நான் திருடன் இல்ல, ஆனா தேள் கொட்டினது கொட்டினதுதான். மனைக்காரன் ஏகாம்பரத்துக்கே ஒருத்தன் மனை வித்துட்டான்னா என் போர்டு என்னாவறது?

கனகா சண்டையே போடல. அதான் சார் தாங்கல. லேப்டாப் முன்னாடி வந்து நின்னா, அந்தச் சாம்பலைப் பாத்தா, துணிப்பையில நாலு புடவையை எடுத்து வெச்சுக்கிட்டா. தம்பிகிட்டயும் பேச்சை விட்டுட்டா. வாசல்ல செருப்பு மாட்டும்போதுதான் சொன்னா. "எங்கப்பா எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான். நாளைக்கு நீங்களே என்னை வெளிய போடின்னாலும் போய் நிக்க ஓர் எடம் இருக்குன்னு தெம்பா இருந்தேன். இப்ப எங்க நிப்பேன்?"னு. நான் ஏன்டி உன்னைப் போகச் சொல்லப் போறேன்னேன். அவ பாட்டுக்குப் படி எறங்கிப் போயிட்டா.

அவ இல்லாம வீடு வீடா இல்ல சார். ஓட்டல் சாம்பாரைத் தின்னு தின்னு வயிறு புண்ணாப் போச்சு. எனக்கு அவ வேணும். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு அவ வேணும். சோளிங்கர் இடத்துக்காரன் இந்த வாரத்துக்கு மேல பொறுக்க மாட்டேங்கறான். அதான் உங்களை இன்னிக்கே கூட்டிட்டு வந்தேன்.

இதோ வந்துட்டோம். பாத்து எறங்குங்க, அந்தப் பக்கம் வேணாம், இந்தப் பக்கமா எறங்குங்க. ஆர்ச்சைப் பாருங்க, பெயிண்ட் இப்பத்தான் அடிச்சது. ஆமா, கனகவல்லி நகர். அவ பேருதான். அவகிட்டக் கேட்டுக்கிட்டு வைக்கல, ஆசையா வெச்சேன். கொடி கட்டின கல்லெல்லாம் நம்ம கல்லு. உங்க மனை அந்தக் கோடியில, கார்னர். கிழக்குப் பாத்தது சார், அருணகிரி வந்து காம்பஸை மண்ணு மேலயே வெச்சுப் பாத்தாரு, முள்ளு அசங்கல.

அதுவா, கோரை. எல்லா ஊர்லயும் முளைக்கும், ஒரு ஜேசிபி விட்டா ஒரு நாள்ல சுத்தம். கொக்கு எங்க சார் இல்ல, கொக்கு வந்து உக்கார்ற இடம் செழிப்பான இடம்னு சொல்லுவாங்க. ஈரமா? நேத்து லாரியில தண்ணி தெளிச்சோம், தூசி பறக்கக் கூடாதுன்னு. கரை மாதிரி தெரியுதுல்ல, அது கரை இல்ல, வாக்கிங் போறதுக்கு மேடு. வீட்டம்மாவும் நீங்களும் காலையில ஜோடியா நடக்கலாம்.

என்ன சார் யோசிக்கறீங்க? கேளுங்க, மனசுல எதையும் வெச்சுக்கக் கூடாது.

ஓ, அதுவா. இத்தனை மனை கையில இருக்கே, பேரு கூட அவ பேராவே இருக்கே, இதுல ஒண்ணை அவளுக்கு எழுதிக் குடுத்து இன்னிக்கே கூட்டிட்டு வந்துடலாமே, சோளிங்கர் எதுக்குங்கறீங்க.

என்ன சார் நீங்க, விவரம் தெரிஞ்சவர்னு நெனச்சேன். அவ என் பொண்டாட்டி சார். நாலு நாள் மழை சேந்தாப்ல பெஞ்சா அவ எங்க போய் நிப்பா?